ஆராதனையில் இசைச் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சபையில் சத்தத்தைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே பெரியவர்கள் ஒரு பக்கம், இளைஞர்கள் ஒரு பக்கம் என்று பிரிந்துவிடுகிறது. சிலர் இதை ரசனை என்கிறார்கள், சிலர் பக்தி என்கிறார்கள். எனக்கு இதில் முதலில் தெரிவது காது. அதைவிட முக்கியமாகத் தெரிவது, சபை பாடுகிறதா இல்லையா என்பது. ஆராதனைகளில் சவுண்ட் பார்ப்பவன் என்பதால் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு சத்தம் இருந்தால் அதிகம் என்று சொல்லலாம்?

சத்தத்தை டெசிபலில் அளக்கிறோம். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினால் சுமார் 60 டெசிபல். வேலை செய்யும் இடங்களில் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனமான நையாஷ், 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2, 94 என்றால் 1. சத்தம் 100 டெசிபலுக்கு வந்துவிட்டால் 15 நிமிடம்தான்.

இந்த 3 டெசிபல் கணக்கில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள். 97-க்கும் 100-க்கும் காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. "கொஞ்சம் ஏத்தியிருக்காங்க" என்று தோன்றும், அவ்வளவுதான். ஆனால் காதுக்குள் போகும் ஆற்றல் அதற்குள் இரட்டிப்பாகியிருக்கும். சத்தம் இரண்டு மடங்காகிவிட்டது என்று நமக்குத் தோன்றுவதற்குள் சுமார் 10 டெசிபல் கூடியிருக்கும். ஆற்றல் கணக்கில் அது பத்து மடங்கு.

அளக்கக் கருவி இல்லையென்றால் இப்படிப் பாருங்கள். கையை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரிடம் பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் 85-ஐத் தொட்டாயிற்று என்று வைத்துக்கொள்ளலாம். அவர் காதருகே வாயை வைத்துக் கத்தினால்தான் புரிகிறது என்றால் எல்லை தாண்டி வெகு தூரம் போய்விட்டது.

வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றிரண்டு மணி நேரம்தானே? அதில் என்ன ஆகிவிடும்?

இயர்போனில் கேட்பவர்களுக்காக உலக சுகாதார நிறுவனம் ஒரு வாரக் கணக்கு வைத்திருக்கிறது. பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம், குழந்தைகளுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். மேலே சொன்ன 3 டெசிபல் கணக்கை இதற்கும் போட்டுப் பாருங்கள். 95 டெசிபலில் ஒண்ணேகால் மணி நேரம் நின்றால் பெரியவரின் ஒரு வாரக் கணக்கு முழுதும் தீர்ந்துவிடும். குழந்தைக்கு அதே ஒண்ணேகால் மணி நேரத்தில் 90 டெசிபலிலேயே தீர்ந்துவிடும். மீதி வாரம் முழுக்கப் போக்குவரத்து இரைச்சல், இயர்போன் பாட்டு, வேலை செய்யும் இடத்துச் சத்தம் எல்லாம் அதற்கு மேல் சேர்பவை. காது ஆராதனைச் சத்தத்தையும் மற்றச் சத்தத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. எல்லாம் ஒரே கணக்கில்தான் போகிறது.

2022-இல் அதே நிறுவனம் இசை நிகழ்ச்சி நடக்கும் இடங்களுக்கென்று ஒரு தரநிலையை வெளியிட்டது. 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி. சிலர் இதைக் காட்டி, "நாங்கள் 97-ல்தானே இருக்கிறோம்" என்கிறார்கள். அந்தத் தரநிலையை முழுதாகப் படிக்க வேண்டும். சத்தத்தைத் தொடர்ந்து அளக்க வேண்டும், வருபவர்களுக்குக் காதடைப்பான் கிடைக்க வேண்டும், காதுக்கு ஓய்வு கொடுக்க அமைதியான ஓர் இடம் இருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும் என்பதெல்லாம் அதோடு சேர்ந்த விதிகள். 100 என்பது அத்தனையும் செய்த இடத்துக்கான உச்சவரம்பு. அதுவும் விரும்பி இசை கேட்கப் போகிறவர்களுக்கு. ஆராதனைக்கு வாரா வாரம் வருகிறோம், கைக்குழந்தையும் வருகிறது, எண்பது வயதுப் பாட்டியும் வருகிறார்.

என்னைக் கேட்டால், மக்கள் உட்காரும் இடத்தின் நடுவில் சராசரி 85-ஐ ஒட்டி இருந்தால் போதும். பாடல் உச்சத்துக்குப் போகும்போது 90-ஐத் தொட்டுவிட்டு இறங்கலாம். அந்த அளவில் எந்தப் பாடலையும் முழு உற்சாகத்தோடு பாடலாம்.

காதுக்குள் அப்படி என்னதான் நடக்கிறது?

உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள். ஒலியதிர்வை நரம்புக்கு ஏற்ற சைகையாக மாற்றுபவை இவைதான். மிகுந்த சத்தத்தில் இவை களைத்து, சேதமடைந்து, கடைசியில் சாகின்றன. மனிதருக்கு இவை மறுபடி முளைப்பதில்லை.

முதலில் அடிபடுவது 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி, குறிப்பாக 4,000-ஐ ஒட்டிய இடம். மெய்யெழுத்துகளைப் பிரித்தறிய உதவும் நுணுக்கமான ஒலிகள் பல இங்கேதான் இருக்கின்றன. அதனால்தான் சத்தத்தால் காது கெட்டவர் "காது கேட்கவில்லை" என்று சொல்ல மாட்டார். "பேசுவது கேட்கிறது, என்ன பேசுகிறார்கள் என்றுதான் புரியவில்லை" என்பார். கூட்டத்தில், பின்னணிச் சத்தத்தில், பிரசங்கத்தின் வேகமான இடங்களில் இன்னும் கஷ்டப்படுவார்.

2009-இல் ஷரோன் குஜாவா, சார்லஸ் லிபர்மன் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் எலிகளில் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். சத்தத்துக்குப் பிறகு மந்தமான கேட்கும் திறன் சில நாட்களில் முழுக்கத் திரும்பிவிட்டது. மயிர்ச்செல்களும் உயிரோடுதான் இருந்தன. ஆனால் அவற்றுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகளில் கணிசமான பகுதி நிரந்தரமாக அறுந்து போயிருந்தது. மனிதரில் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. ஆனால் "காது சரியாகிவிட்டது, அதனால் ஒன்றும் ஆகவில்லை" என்ற பழைய நம்பிக்கையை அந்த ஆய்வு உலுக்கிவிட்டது.

ஆராதனை முடிந்ததும் காதில் 'ஙொய்' என்று சத்தம் வருகிறது. மறுநாள் சரியாகிவிடுகிறது. கவலைப்பட வேண்டுமா?

ஆமாம், கவலைப்பட வேண்டும். இரைச்சலும், பஞ்சு வைத்து அடைத்தது போன்ற உணர்வும், அந்த இடத்துச் சத்தம் உங்கள் காதுக்கு அதிகம் என்பதற்கு நேரடி அத்தாட்சி. பெரும்பாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். அது திரும்பத் திரும்ப நடந்தால் ஒரு நாள் அடங்காமலே தங்கிவிடலாம். இரவில் வீடு அடங்கிய பிறகும் காதுக்குள் ஓயாத ஒரு விசில். அதோடு வாழ்கிறவர்களிடம் பேசிப் பார்த்தால், இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

திடீரென்று ஒரு காது மட்டும் மந்தமானாலோ, இரைச்சல் சில நாட்களுக்கு மேல் நீடித்தாலோ உடனே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். திடீர் செவித்திறன் இழப்புக்கு மருந்து இருக்கிறது, ஆனால் முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். ஜெபித்துவிட்டுக் காத்திருக்கலாம் என்று இருக்க வேண்டாம். ஜெபித்துக்கொண்டே போங்கள்.

கைக்குழந்தையோடு வருகிறோம். குழந்தை தூங்கிவிடுகிறதே, அப்படியென்றால் சத்தம் அதைப் பாதிக்கவில்லைதானே?

தூங்குவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. சத்தத்தில் களைத்தும் குழந்தை தூங்கலாம். தூங்கும்போது காது மூடிக்கொள்வதும் இல்லை. குழந்தையின் காதுக்குழாய் சிறியது என்பதால் உயர்ந்த சுருதி ஒலிகள் அதற்குள் பெரியவர் காதில் இருப்பதைவிட அதிகமாகப் பெருகும். ஒரே இடத்தில் நின்றாலும் தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே சத்தம் விழுவதில்லை.

சபைகளில் நான் அடிக்கடி பார்க்கும் காட்சி ஒன்று இருக்கிறது. முன்வரிசை ஓரம், ஸ்பீக்கருக்கு இரண்டடி தள்ளி நாற்காலி. தாய் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருக்கிறார். தோளில் சாய்ந்திருக்கும் குழந்தையின் காது ஸ்பீக்கர் உயரத்துக்குச் சரியாக நேராக இருக்கிறது. தாயின் தலை அவர் பக்கத்துச் சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கிறது, குழந்தைக்கு மறைப்பு எதுவும் இல்லை. அந்த நாற்காலியை அங்கே போட்டது சபைதான், எடுக்க வேண்டியதும் சபைதான். ஸ்பீக்கரைச் சுற்றிச் சில மீட்டருக்கு யாரும் உட்கார முடியாதபடி இடம் விடுவதற்கு ஒரு செலவும் இல்லை.

குழந்தைகளுக்குத் தலையில் மாட்டும் காது மூடிகள் கிடைக்கின்றன. அவைதான் சரி. காதுக்குள் செருகும் சிறிய அடைப்பான்களைச் சிறு குழந்தைகளுக்கு வைக்க வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டால் தொண்டையில் சிக்கும்.

கர்ப்பிணிகள்?

கர்ப்பகாலத்தின் பாதியை ஒட்டியே கருவின் காது கேட்கத் தொடங்கிவிடுகிறது. தாயின் உடல் உயர்ந்த சுருதி ஒலிகளை நன்றாகத் தடுக்கும், பேஸ் போன்ற தாழ்ந்த ஒலிகளை அவ்வளவாகத் தடுக்காது. தாய் காதடைப்பான் போட்டால் அது தாய்க்குத்தான் பாதுகாப்பு. அதனால் பேஸ் ஒலிக்கென்றே இருக்கும் சப்வூஃபர் ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார வேண்டாம், நெஞ்சும் வயிறும் அதிரும் அளவுக்குச் சத்தம் இருந்தால் தள்ளிப் போய்விடுங்கள்.

வயதானவர்கள்தான் எப்போதும் குறை சொல்கிறார்கள். அவர்களுக்குக் காது மந்தம் என்றால் சத்தம் அதிகமாக இருப்பது நல்லதுதானே?

இந்தக் கேள்வியில் ஒரு பெரிய தவறான புரிதல் இருக்கிறது. உள்காது பழுதான பலருக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ மற்றவர்களைவிட வேகமாகத் தாங்க முடியாததாக மாறிவிடும். கேட்காததற்கும் வலிப்பதற்கும் இடையிலான தூரம் அவர்களுக்குக் குறைவு. "சத்தமாப் பேசுப்பா" என்றவர் அடுத்த நிமிடம் "ஏன் கத்துறே" என்பது இதனால்தான். காது கேட்கும் கருவி போட்டவர்களுக்கும் பலத்த இசை சிதைந்துதான் கேட்கும். பலர் ஆராதனை முழுதும் கருவியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் பிரசங்கத்தின் முதல் பகுதியையும் தவறவிடுகிறார்கள்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள், ஒற்றைத் தலைவலிக்காரர்கள், சத்தக் கூச்சம் உள்ளவர்கள் நிலையும் இதுதான். இவர்கள் யாரும் எழுந்து நின்று புகார் செய்ய மாட்டார்கள். மெல்ல மெல்ல வருவதை நிறுத்திக்கொள்வார்கள். யாரும் காரணம் கேட்பதுகூட இல்லை.

சத்தமாக இருக்கும்போதுதான் உள்ளம் பொங்குகிறது, கண்ணீர் வருகிறது. அது தவறா?

தவறே இல்லை. பலத்த இசை உடலைத் தட்டி எழுப்பும். அதற்கு உடலியல் காரணம்கூட உண்டு. உள்காதில் சமநிலையைக் கவனிக்கும் ஒரு சிறு உறுப்பு, சுமார் 90 டெசிபலைத் தாண்டிய பேஸ் ஒலிக்கும் அசைகிறது என்று நீல் டாட், ஃப்ரெடரிக் கோடி இருவரும் 2000-இல் எழுதினார்கள். ஊஞ்சலில் கிடைக்கும் இன்பத்துக்கு நெருக்கமான ஓர் உணர்வு பலத்த தாளத்தில் கிடைப்பதற்கு இது காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து.

இந்தக் கிளர்ச்சி எந்த இசை நிகழ்ச்சியிலும் கிடைக்கும். அதனால் அதை மட்டும் வைத்து ஆவியானவரின் அசைவை அளக்க முடியாது. சத்தத்தைக் கூட்டினால் மக்கள் கை உயர்த்துகிறார்கள், குறைத்தால் கை இறங்குகிறது என்று ஒரு ஆராதனைத் தலைவர் கவனித்துவிட்டால், அடுத்த வாரம் ஆசை எங்கே இழுக்கும் என்று அவருக்கே தெரியும். அந்த இடத்தில் அவர் நின்று யோசிக்க வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன்.

வேதத்திலேயே "பேரோசையுள்ள கைத்தாளங்கள்" என்று இருக்கிறதே?

இருக்கிறது. 150-ஆம் சங்கீதத்தை யாரும் மெல்ல முணுமுணுக்கத் தேவையில்லை. எஸ்றா 3-ஆம் அதிகாரத்தில் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்டபோது எழுந்த சத்தம் வெகுதூரம் கேட்டது, ஆர்ப்பரிப்பு எது அழுகை எது என்று பிரிக்க முடியவில்லை. ஆனால் கவனியுங்கள், அந்தச் சத்தம் ஜனங்களின் தொண்டையிலிருந்து வந்தது. எலியா தீர்க்கதரிசி ஓரேப் மலையில் கேட்ட அமர்ந்த மெல்லிய சத்தமும் அதே வேதத்தில்தான் இருக்கிறது. வேதத்தில் ஆராதனைக்கு உரத்த சத்தமும் உண்டு, மௌனமும் உண்டு. வாரா வாரம் ஒன்றை மட்டுமே கொடுப்பதுதான் குறை.

எதிர்ப்பக்கத்தில் சிலர், "உன் பாட்டுகளின் இரைச்சலை அகற்று" என்ற ஆமோஸ் வசனத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அதுவும் சரியில்லை. ஆமோஸ் பேசுவது நியாயம் செத்துப்போன சமூகத்தின் பண்டிகைகளைப் பற்றி, ஒலியளவைப் பற்றி அல்ல.

இந்த விஷயத்துக்கு நான் திரும்பத் திரும்பப் போகும் இடம் எபேசியர் 5:19. சங்கீதங்களினாலும் கீர்த்தனைகளினாலும் ஞானப்பாட்டுகளினாலும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லச் சொல்கிறார் பவுல். கொலோசெயருக்கும் இதையே எழுதுகிறார். ஒருவருக்கொருவர் என்றால், பக்கத்தில் நிற்பவரின் குரல் என் காதில் விழ வேண்டும். என் குரல் அவர் காதில் விழ வேண்டும்.

அப்படியென்றால் சத்தம் கூடினால் சபை பாடுவது குறையுமா?

குறையும். மேடைக்குப் பக்கவாட்டில் நின்று மக்கள் உதடுகளைப் பாருங்கள். முதல் பாடலில் எல்லாரும் பாடுவார்கள். சத்தம் ஏற ஏற, மூன்றாவது நான்காவது பாடலில் பாதிப் பேர் கைகட்டி மேடையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்குப் பக்தி குறைந்துவிடவில்லை. தன் குரல் தனக்கே கேட்காத இடத்தில் பாடுவது மனிதருக்கு இயல்பில்லை.

1911-இல் எட்டியென் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர், சுற்றிலும் சத்தம் இருந்தால் மனிதர் அறியாமலே குரலை உயர்த்துகிறார் என்று காட்டினார். ஆராதனையிலும் முதலில் இதுதான் நடக்கும். மக்கள் கத்துவார்கள், சுருதி விலகும், தொண்டை கட்டும். ஓர் அளவுக்கு மேல் முயற்சியையே விட்டுவிடுவார்கள். பாடகர் குழுக்களை ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஸ்டென் டெர்ன்ஸ்ட்ரோம், குழுவில் பாடுகிறவர் தன் குரல் மற்றவர்கள் குரலைவிடச் சற்று மேலே கேட்பதையே விரும்புகிறார் என்று கண்டார். சேர்ந்து பாடத் தன் குரலும் வேண்டும், பிறர் குரலும் வேண்டும். நூறு டெசிபலில் இரண்டுமே கிடைக்காது.

ஒரு சோதனை செய்து பாருங்கள். கடைசிச் சரணத்தில் இசைக்கருவிகளை முழுக்க நிறுத்திவிட்டுச் சபையை மட்டும் பாட விடுங்கள். முதல் வாரம் குரல் தயங்கித் தயங்கி வரும், கேட்க வெறுமையாகக்கூட இருக்கும். தொடர்ந்து செய்தால் ஆண்குரலும் பெண்குரலும் பிரிந்து, யாரோ ஒரு மூலையிலிருந்து இரண்டாம் குரல் சேர்வது கேட்கும். பின்வரிசையில் நடுங்கும் குரலில் ஒரு தாத்தா பாடுவதும் கேட்கும். அவர் அத்தனை நாளும் பாடிக்கொண்டுதான் இருந்திருப்பார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மக்கள் பாடாததற்குச் சத்தம் மட்டுமே காரணம் இல்லை. மேடைப் பாடகரின் குரலுக்கு ஏற்ற சுருதியில் பாடல் போனால் சாதாரணக் குரல்காரர்கள் எட்ட முடியாமல் நின்றுவிடுவார்கள். ஒன்றிரண்டு ஸ்கேல் இறக்கிப் பாருங்கள்.

யாரும் வேண்டுமென்று ஏற்றுவதில்லை. பிறகு ஏன் சத்தம் ஏறிக்கொண்டே போகிறது?

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லா ஒலிகளையும் கலந்து அளவு வைக்கும் மிக்சர் கருவியில் நிற்கும் தம்பிமார்களைத்தான் எல்லாரும் திட்டுகிறார்கள். பெரும்பாலும் பிரச்சினை மேடையில் தொடங்குகிறது.

சுவரும் தரையும் கடினமான ஒரு மண்டபத்தில் டிரம்ஸ் அடிக்கிறார்கள். மைக்கே வைக்காவிட்டாலும் டிரம்ஸ் சாதாரணமாகவே 100 டெசிபலைத் தாண்டக் கூடியது. அதுதான் அன்றைய அடிமட்டம். கிட்டார்காரருக்குத் தன் கிட்டார் கேட்கவில்லை, பின்னாலிருக்கும் ஆம்பை, அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியை, திருகுகிறார். அந்த ஆம்ப் அவர் முழங்காலைப் பார்த்திருக்கிறது, அதனால் அவருக்குக் குறைவாகவும் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேராக முகத்திலும் விழுகிறது. பாடுகிறவருக்கு இப்போது தன் குரல் கேட்கவில்லை. மேடையில் இருப்பவர்களை நோக்கி வைத்த ஸ்பீக்கரான மானிட்டரில் "எனக்கு இன்னும் கொஞ்சம்" என்று விரலை மேலே காட்டுகிறார். பக்கத்தில் பாடும் அக்காவுக்கும் இன்னும் கொஞ்சம். கீபோர்டுக்கும் இன்னும் கொஞ்சம். யாரும் ஒருமுறைகூட விரலைக் கீழே காட்டுவதில்லை. மானிட்டர்களிலிருந்து சிதறும் சத்தம் சுவரில் மோதி மந்தமாகச் சபைக்கு வருகிறது. அந்தக் குழப்பத்துக்கு மேல் வரிகள் புரிய வேண்டுமென்றால் சவுண்ட் பார்க்கும் தம்பிக்குப் பெரிய ஸ்பீக்கரை ஏற்றுவதைத் தவிர வேறு வழி இல்லை.

அப்புறம் காதுக் களைப்பு. அரை மணி நேரம் பலத்த சத்தத்தில் நின்ற காதுக்கு உயர்ந்த சுருதிகள் மங்கிவிடும். மிக்சரில் இருப்பவர் "டல்லா இருக்கு" என்று டிரெபிளை ஏற்றுவார். அப்போதுதான் உள்ளே வந்தவருக்கு அது ஊசியாகக் குத்தும்.

ஆகவே சரிசெய்வதையும் மேடையிலிருந்து தொடங்க வேண்டும். டிரம்ஸுக்கு மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்த அடிகுச்சிகள் கிடைக்கின்றன, முதலில் அவற்றைக் கொடுத்துப் பாருங்கள். கண்ணாடித் தடுப்பு வைத்தால் பின்பக்கமும் மேலேயும் ஒலியை உறிஞ்சும் பொருள் இருக்க வேண்டும், இல்லையென்றால் சத்தம் டிரம்மர் காதுக்கே திரும்பும். மின்னணு டிரம்ஸ் வாங்க முடிந்தால் சின்ன மண்டபத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை. ஆம்பைச் சாய்த்து வாசிப்பவரின் காதை நோக்கி வையுங்கள், அவரே குறைத்துவிடுவார். மானிட்டர் கலவையில் ஒவ்வொருவருக்கும் தன் குரல், ஒரு சுருதிக் கருவி, தாளம், இவை மட்டும் போதும்.

மிக்சரில் ஒரே ஒரு பழக்கம். குரல் கேட்கவில்லையென்றால் குரலை ஏற்றுவதற்கு முன், அதை மறைப்பது எது என்று தேடி அதை இறக்குங்கள். பெரும்பாலும் பேஸும் கீபோர்டின் இடதுகையும்தான் குரலை மூடும். தாழ்ந்த ஒலி தனக்கு மேலுள்ள ஒலிகளை மறைப்பது காதின் இயல்பு.

கைபேசியில் அளந்தால் சரியாக இருக்குமா?

ஓரளவுக்கு. ஐபோனுக்கு நையாஷ் நிறுவனமே இலவச ஆப் ஒன்று வெளியிட்டிருக்கிறது, அது நம்பகமானது. ஆண்ட்ராய்டில் கைபேசிக்குக் கைபேசி மைக் மாறுவதால் அளவும் மாறும். தனிக் கருவி ஒன்று வாங்கி மிக்சர் பக்கத்தில் வைத்துவிடுவது நல்லது. கருவியில் 'ஏ', 'சி' என்று இரண்டு அளவீட்டு முறைகள் இருக்கும்; 'ஏ' அளவீட்டில் சராசரியைப் பாருங்கள், ஒரு நொடி எழும்பும் உச்ச எண்ணைப் பார்த்து பயப்பட வேண்டாம். அதோடு 'சி' அளவீட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'ஏ' அளவீடு பேஸைக் குறைத்தே எண்ணும். 'சி' எண் அதைவிட மிக அதிகமாக இருந்தால் பேஸ் மிஞ்சிப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஓர் இடத்தில் மட்டும் அளக்காதீர்கள். மிக்சர் பின்னால் இருந்தால் அங்கே 86 காட்டும்போது முன்வரிசையில் 96 இருக்கலாம். ஸ்பீக்கரைத் தலைக்கு மேல் உயரத்தில் ஏற்றிச் சாய்த்து வைத்தால் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் உள்ள வித்தியாசம் பெரிதும் குறையும்.

காதடைப்பான் போட்டுக்கொண்டு ஆராதிப்பது மரியாதைக் குறைவாகத் தெரியாதா?

தெரியாது. யாராவது அப்படி நினைத்தால் அது அவர்கள் பாடு. வெறும் பஞ்சு பெரிதாகப் பயன் தராது. மென்மையான நுரை அடைப்பானை விரலால் உருட்டி ஒல்லியாக்கி, காது மடலை மேல்நோக்கிப் பின்னால் இழுத்துச் செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். இசைக்கலைஞர்களுக்கான அடைப்பான்கள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய சமமாகக் குறைக்கும், பாட்டு மங்காது. வாசிப்பவர்களுக்கு அதுதான் ஏற்றது.

ஆராதனைக் குழுவினரின் காது?

சபையிலேயே அதிக ஆபத்து அவர்களுக்குத்தான். ஒத்திகை, ஒலிச் சோதனை, ஒன்றுக்கு மேற்பட்ட ஆராதனைகள், நடுவில் இளைஞர் கூட்டம் என்று அவர்களுடைய மணிக்கணக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு. இயர்பீஸ் மானிட்டர் போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். குறைவாக வைத்தால் பாதுகாப்புதான். ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டு மற்றதைத் திறந்து வைப்பது மோசமான பழக்கம், மேடைச் சத்தத்தை வெல்ல மாட்டிய காதில் ஏற்றிக்கொண்டே போவார்கள். பதினைந்து வயதில் டிரம்ஸில் உட்காரும் பையனுக்கு ஊழியத்தின் பெயரால் இதைச் செய்கிறோம். அவன் காதுக்குப் பொறுப்பு நாம்தான்.

சத்தத்தைக் குறைத்தால் இளைஞர்கள் போய்விடுவார்களே?

இளைஞர்கள் நல்ல ஒலியைக் கேட்டு வளர்ந்தவர்கள். தெளிவில்லாத 98 டெசிபலைவிடத் தெளிவான 88 அவர்களுக்குப் பிடிக்கும் என்பதை ஒலி சரியாக அமைந்த சபைகளில் பார்க்கிறேன். உண்மையில் அவர்கள் கேட்பது பாடலில் ஏற்ற இறக்கம். எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் தொடங்கினால் ஏற இடமே இருக்காது. முதல் சரணத்தை ஒரு கிட்டாரோடு தொடங்கி, பல்லவியில் எல்லாம் சேர்ந்தால் 88-கூடப் பெரிதாகக் கேட்கும்.

போதகரிடம் இதை எப்படிச் சொல்வது?

ஆராதனை முடிந்த கையோடு, கோபத்தோடு, எல்லார் முன்னாலும் வேண்டாம். அந்த நேரத்தில் அவரும் களைத்திருப்பார், குழுவினர் மனமும் புண்படும். வாரத்தின் நடுவில் தனியாகப் பார்த்து, "ஐயா, இந்த இடத்தில் உட்கார்ந்து அளந்தோம், இத்தனை நிமிடம் இந்த அளவில் இருந்தது. வீட்டுக்குப் போனபின் காது இரைகிறது" என்று எண்ணோடு சொல்லுங்கள். 'எனக்குப் பிடிக்கவில்லை' என்றால் அது உங்கள் விருப்பம் ஆகிவிடும். எண்ணைச் சொன்னால் அது சபையின் பொறுப்பு ஆகும். குறை சொல்வதோடு நிற்காமல், அளக்கும் கருவிக்கோ காது மூடிகளுக்கோ நீங்களே காணிக்கை கொடுக்க முன்வந்தால் இன்னும் நல்லது.

சபை மூப்பர்கள் ஓர் எண்ணை முடிவு செய்து எழுதி வைத்துவிட்டால் மிக்சரில் நிற்பவருக்குப் பெரிய நிம்மதி. மேடையிலிருந்து "ஏத்து" என்று கை காட்டினாலும், பின்வரிசையிலிருந்து "குறை" என்று முறைத்தாலும் அவர் அந்த எண்ணைக் காட்டலாம்.

எல்லாம் சொல்லியும் குறைக்கவில்லை. என்ன செய்வது?

உங்கள் காதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரின் நேர் பாதையிலிருந்து விலகி உட்காருங்கள். எதிரொலி அதிகமுள்ள மண்டபத்தில் பின்னால் போவதால் மட்டும் பெரிதாகக் குறையாது, அங்கே காதடைப்பானும் வேண்டும். நடுவில் பத்து நிமிடம் வெளியே நின்றாலும் காதுக்கு ஓய்வுதான். குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழுதால் அடக்க முயலாமல் வெளியே தூக்கிப் போங்கள், யார் திரும்பிப் பார்த்தாலும் பரவாயில்லை. ஏற்கெனவே இரைச்சல் இருந்தால் செவித்திறன் பரிசோதனை செய்து அந்த அறிக்கையின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போதகரைப் பார்க்கப் போகும்போது அதையும், இதே தொந்தரவு உள்ள இன்னும் இரண்டு மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.